ஒத்தையிலதான இருக்கீய?

கைப்பேசி முதன்முதலாக இசக்கிராஜைத் தம்பி என்று அழைத்தது, சவர பிளேடு வாங்கப் போன ஒரு காலையில்.

"தம்பி, இந்தப் பொருள் பெரியவர்களுக்கானது. வீட்டில் இருக்கும் பெரியவரைக் கூப்பிடு."

அவன் திரையைப் பார்த்தான். முப்பத்திரண்டு வயது முகம் ஒன்று அதில் மங்கலாகத் தெரிந்தது. தாடி கழுத்துவரை இறங்கியிருந்தது. வீட்டில் பெரியவர் யாரும் இல்லை. சின்னவரும் இல்லை. மனைவி கனி போன பிறகு அந்த வீட்டில் அவனும் ஒரு மின்விசிறியும்தான்.

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

கனி போய் நாலு மாதம். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அந்த நாலு மாதமும் அவனுக்கு ஒரே நீளமான பகல் போல இருந்தது. தூத்துக்குடி வெயில் உப்பளங்களில் பட்டுத் திரும்பி, ஜன்னல் வழியாக வெள்ளையாக உள்ளே வந்து, சுவர் எது, அலமாரி எது என்று தெரியாமல் அழித்துவிடும். அவன் அந்த வெள்ளைக்குள் நடமாடுவான். காப்பி போடுவான். குடித்தோமா என்பது மறந்துபோகும். கழுவாத டம்ளரைப் பார்த்து, குடித்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்வான்.

மறுநாள் வங்கியும் தம்பி என்றது. அதற்கும் மறுநாள், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில், அவன் எட்டு வருடமாக நுழைந்துகொண்டிருந்த வாசல் திறக்கவில்லை. "தம்பி, உனக்கு இன்னும் வேலைக்குப் போகும் வயது ஆகவில்லை. நன்றாகப் படி." மேற்பார்வையாளர் வெளியே வந்து, தலையைச் சொறிந்து, "கொஞ்ச நாள் லீவு போட்டுருங்க இசக்கி. மிஷின் கோளாறா இருக்கும்" என்றார்.

அவன் சரி என்றான். அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

வீடு திரும்பியபோது கைப்பேசியில் இன்னொரு அறிவிப்பு வந்திருந்தது. அதற்கு அவனால் சரி என்று சொல்ல முடியவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் சேவை மையத்துக்குக் கிளம்பினான்.

மையத்தில் பெரிய பலகை தொங்கியது. பெயர் சொல்லாதீர். அட்டை காட்டாதீர். மேசைக்குப் பின்னால் பச்சைத் துப்பட்டா போட்ட ஒரு பெண் இருந்தாள். சட்டைப் பைக்குள் போன அவன் கையைப் பார்த்ததும் பதறினாள்.

"சார், சார். கார்டை வெளிய எடுத்திராதீங்க. நான் பாத்துட்டா என் வேலை போயிரும்."

"எனக்கு முப்பத்திரெண்டு வயசும்மா. என்னைப் பாத்தாலே தெரியலையா?"

"எனக்குத் தெரியுது. எனக்குத் தெரிஞ்சு என்ன சார் பிரயோசனம்? வாசலுக்குல்ல தெரியணும்."

"அப்ப வயசை நிரூபிக்கணும்னா என்ன காட்டணும்?"

"எதையும் காட்டக் கூடாது. அதான் சட்டம்." நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. முன்னால முகம் கேட்டாங்க, அட்டை கேட்டாங்க, ஞாபகம் இருக்கா? சின்னப் பிள்ளைங்களக் காப்பாத்துறதுக்குன்னுதான் கேட்டாங்க. எல்லாரும் குடுத்தோம். ஒரு நாள் அம்புட்டும் வெளிய கொட்டிருச்சு. எந்த வீட்டுல யாரு எந்த டாக்டர்கிட்ட என்ன கேட்டா, யாரு எதைப் பாத்தான்னு தெருவுக்குத் தெரு படிச்சாங்க. எங்க அக்கா கல்யாணம் அதுலதான் நின்னுச்சு. அவ பாத்தது வெறும் தேமல் மருந்து."

"ம்."

"அதுக்கப்புறம் வந்ததுதான் இந்த வாசல். பேரு கேக்காது. மூஞ்சியப் பாக்காது. நீங்க பக்கத்தைத் தொறக்கும்போது கண்ணு எப்படி அசையுதுன்னு மட்டும் பாக்கும். வயசு வந்த ஆளா, இல்லையான்னு சொல்லும். உடனே மறந்துரும். நல்ல சட்டம் சார் இது. நான் இதைத் திட்ட மாட்டேன்."

அவனும் திட்டவில்லை. இந்தச் சட்டம் வந்த அன்று கனி கேசரி கிண்டியது நினைவுக்கு வந்தது.

"எங்க தப்புது?" என்றான்.

அவள் ஒரு திரையை அவன் பக்கம் திருப்பினாள். "வழக்கமா இது உங்க கண்ணுக்குத் தெரியாம நடக்கும். இப்ப தெரியுற மாதிரி போடுறேன். சும்மா பாருங்க."

வெளிர் நீலத் திரை. ஒரு சிவப்புப் பந்து இடப்பக்கமிருந்து மெல்ல உருண்டு வந்தது. நடுவில் ஒரு சின்னச் சுவர். பந்து சுவருக்குப் பின்னால் போனது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். நீலம் நல்ல நீலமாக இருந்தது. எங்கோ தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல அமைதியாக இருந்தது.

"சார்."

"ம்?"

"பந்து அந்தப் பக்கமா வெளிய வந்து போயிருச்சு. மறுபடி வந்துச்சு, மறுபடி போச்சு. நீங்க அது மறைஞ்ச எடத்துலயே நின்னுட்டீங்க."

அது வெளியே வந்ததை அவன் பார்க்கவே இல்லை.

"வயசு வந்தவங்க கண்ணு, பந்து மறைஞ்சதும் சொவத்தோட அடுத்த முனைக்குத் தாவிரும். அங்கன போய்க் காத்துக்கிட்டு நிக்கும். இதை யாரும் சொல்லிக் குடுக்குறதில்ல. தானா வாரது. உங்களுக்கு..." அவள் நிறுத்தினாள். "வீட்டுல எதும் நடந்துச்சா சார்? வேண்டாம், சொல்லாதீங்க. நான் கேக்கல."

"பழகிக்கலாமா? அடுத்த முனையைப் பாக்கணும்னு?"

"நெனச்சுப் பாத்தா கண்டுபிடிச்சிரும். தானா வரணும்."

அவன் கைப்பேசியை எடுத்து அந்த அறிவிப்பைக் காட்டினான். அவள் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது.

வயது வந்த ஒரு பெண், சிறுவன் ஒருவனிடம் நீண்ட காலமாகத் தனியே பேசிவந்திருக்கிறாள். சிறுவனின் நலனுக்காக அந்தப் பேச்சுப் பெட்டி பூட்டப்பட்டுள்ளது. பொறுப்பேற்கும் பெரியவர் ஒருவர் முழுவதையும் கேட்டு, தவறில்லை என்று சொன்னால் திறக்கப்படும். மாதக் கடைசிக்குள் யாரும் கேட்காவிட்டால் அழிக்கப்படும்.

"அந்தச் சிறுவன் நான்தான்" என்றான். "அந்தப் பொம்பளை..."

"ஐயோ, சொல்லாதீங்க சார்." ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சொந்தத்துல யாரையாவது கூப்பிடுங்க. கூட உக்காந்து முழுசாக் கேக்கணும். சும்மா ஓடவிட்டுட்டு வேற எதையாவது நெனச்சாலும் அவங்க கண்ணை வச்சுக் கண்டுபிடிச்சிரும். இன்னொண்ணு. ஆரம்பிச்சா நடுவுல நிறுத்திராதீங்க. நிறுத்துனா, கேக்கக் கூடாதது இருக்குன்னு எடுத்துக்கிட்டு அப்பவே அழிச்சிரும்."

கனி துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு பார்த்தாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் மாடிப்படியில் நின்றுகொண்டு அவனுக்குக் குரல் அனுப்புவாள். படிக்கட்டில் அவள் குரல் கொஞ்சம் எதிரொலிக்கும். ஒவ்வொன்றும் ஒரே மாதிரிதான் தொடங்கும்.

"அத்தான், ஒத்தையிலதான இருக்கீய?"

பிறகு ஓர் இடைவெளி விடுவாள். பதிவுசெய்து அனுப்புகிற பேச்சில் பதிலுக்கு இடம்விடுகிற ஒரே பெண் அவள்தான். அவன் எங்கே இருந்தாலும் ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் போய், அந்த இடைவெளியில் வாய்விட்டு "ஆமா" என்பான். அதன் பிறகுதான் அவள் தொடங்குவாள்.

வீட்டில் எல்லோருக்கும் அவள் வாயில்லாப் பூச்சி. கல்யாண வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "உன் பொண்டாட்டிக்கு வாயி இருக்கால?" என்று அவன் சித்தப்பா கேட்டதுண்டு. அந்தக் கல்யாண வீடு முழுக்க மறுநாள் மாடிப்படியில் அவள் குரலில் உயிரோடு வரும். சித்தப்பா வருவார். மொய் எழுதினவர் மூக்குறிஞ்சுவார். பாதிரியாரின் மைக் கீச்சிடும். அவனுடைய செத்துப்போன அம்மா வந்து, "ஏல இசக்கி, வெயில்ல அலையாத" என்பாள். கனியின் அண்ணன் தவசிமுத்து கட்டாயம் வருவார். "விசயம் என்னன்னா மாப்ள, சாப்டாச்சா? சாப்டாச்சான்னு கேக்கேன்." அதில் விசயம் என்பதற்கும் என்னன்னா என்பதற்கும் நடுவில் ஒரு சின்ன விக்கல் விழும். மச்சானுக்கு விக்கல் எல்லாம் கிடையாது. அது இவளாகப் போட்ட தாளிப்பு என்று இசக்கி நினைத்திருந்தான்.

"யாருக்கும் போட்டுக் காட்டிராதீய அத்தான். செத்துருவேன்" என்று முடிப்பாள்.

இந்த நாலு மாதமும் காலையில் ஒன்று என்று அவன் கேட்டுவந்தான். சில நாட்களில் அந்த "ஆமா" மட்டும்தான் அவன் பேசுகிற ஒரே சொல்.

கூப்பிட வேறு ஆள் இல்லை. மச்சானைக் கூப்பிட்டான்.

தவசிமுத்து துறைமுகத்தில் கன்டெய்னர் லாரிகள் ஓட்டுகிறவர். கனத்த உடம்பு, கனத்த குரல். பரோட்டாப் பொட்டலத்தோடு உள்ளே வந்து, அவன் தாடியைப் பார்த்தார்.

"விசயம் என்னன்னா மாப்ள, மொதல்ல சாப்பிடு. நான் கார்டியனாம்ல? எனக்கு ரெண்டு பிள்ளைய பத்தாதுன்னு நீ மூணாவதா? ஓமவொர்க் முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு மச்சான்."

"பெறவு என்னத்துக்கு அழுத மூஞ்சி? ஒப்பம் போடுதேன், கொண்டா."

ஒப்பம் இல்லை, கேட்க வேண்டும் என்று இசக்கி விளக்கினான். மச்சான் பரோட்டாவைப் பிய்ப்பதை நிறுத்தினார்.

"புருசன் பொண்டாட்டி பேசுனதையா?"

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் எழுந்து கைகழுவப் போனார். வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"எனக்குக் கூச்சமாத்தான் இருக்கு மாப்ள. ஆனா ஒண்ணு சொல்லட்டா? அவ எங்ககிட்ட பேசுனதே கெடையாது. கேட்டதுக்கு உம்ங்கும், இல்லைங்கும். வீட்டுல இருக்குற வீடியோல எல்லாம் தலையக் குனிஞ்சுக்கிட்டுதான் நிக்கா. அவ தொண்டை எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துட்டு வருது." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "என்ன பேசிருந்தாலும் பரவால்ல. என்னைத் திட்டிருந்தாலும் சரிதான். கேக்கேன். போடு."

இசக்கி கைப்பேசியை மேசையில் சாய்த்து வைத்தான். இருவரும் சேர்ந்து அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். பெரியவரின் கண்ணை ஏற்றுக்கொண்டதாகத் திரை சொன்னது. தம்பி, பயப்படாதே, என்றும் சொன்னது.

வெளியே மதியம். ஜன்னல் வெள்ளை உள்ளே வந்து மேசைவரை எட்டியிருந்தது. அந்த வெளிச்சத்தில் மச்சானின் முகம் சற்றுக் கனியின் முகம் போல இருந்தது. காது மட்டும். காதும் நெற்றியும்.

மாடிப்படியின் எதிரொலி வந்தது. செருப்புச் சத்தம். பிறகு அவள்.

"அத்தான், ஒத்தையிலதான இருக்கீய?"

மச்சான் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

இடைவெளி ஓடத் தொடங்கியது. எத்தனையோ தடவை அவன் தாண்டிவந்த இடைவெளிதான். ஒரு சொல் போடுகிற அகலம்தான். இன்று அது அகன்றுகொண்டே போனது. படியில் அவள் காத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஒரு கை கைப்பிடியில். பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறாள். அவன் வாய் "ஆ" என்று திறந்தது.

பக்கத்தில் மச்சானின் முழங்கை அவன் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது.

"இல்ல கனி" என்றான்.

பதிவை நிறுத்தினான்.

திரை ஒரு கணம் யோசிப்பது போல இருந்தது. பிறகு பெட்டி இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.

"என்ன செஞ்ச?" என்றார் மச்சான். "மாப்ள, என்ன செஞ்ச நீ? திருப்பிப் போடு."

"வராது மச்சான்."

"கேக்கக் கூடாதுன்னு சொல்லிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேம்ல!" அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "அம்புட்டையும் அழிச்சிட்டியே. உனக்கும் இல்லாம, எங்களுக்கும் இல்லாம. அப்படி என்னத்த பேசிட்டா அவ?"

"அவ கேட்டா மச்சான். ஒத்தையிலயான்னு கேட்டா. நீங்களும்தான காதால கேட்டீங்க."

"அதுக்கு?"

"நான் என்ன பதில் சொல்ல?"

மச்சான் அவனைப் பார்த்தார். வெளியே போய்த் தன் கார் கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். வெயிலில் அப்படியே நின்றார். இசக்கி விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தான். பரோட்டாப் பொட்டலத்தை மூடினான். பரோட்டா இன்னும் சூடாக இருந்தது.

கார் ஹாரன் அடித்தது.

"ஏறு" என்றார் மச்சான். "எங்க வீட்டுல வந்து கெட. பச்சப் பிள்ளைய ஒத்தையில விட்டுட்டுப் போனா கார்டியனை உள்ள தூக்கி வச்சிருவான்."

முன் இருக்கையில் உட்கார்ந்தான். கார் கிளம்பவில்லை. "தம்பி, நீ பின்னால்தான் உட்கார வேண்டும்" என்றது. இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்தான். கார் கிளம்பியது.

"ஒனக்கு டிரைவராவும் ஆயாச்சு" என்றார் மச்சான், கண்ணாடியைப் பார்க்காமல்.

உப்பளங்களுக்கு நடுவே சாலை போனது. இரண்டு பக்கமும் பாத்திகளில் வானம் கிடந்தது. ஓலை வேய்ந்த உப்பு அம்பாரங்கள் வரிசையாக, தூங்குகிற மாடுகளைப் போலப் படுத்திருந்தன. இது சாலையா, பாத்தியா என்று சில இடங்களில் தெரியவில்லை. கார் வெளிச்சத்தின் மேல் மிதந்து போவது போல இருந்தது. அவள் குரலில் கேட்ட கடைசிச் சொல் என்ன என்று யோசித்தான். "இருக்கீய" என்பதுதான்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. மச்சான் வண்டியை அணைத்தார். வெயிலில் எதுவும் அசையவில்லை. கடைசியில் அவர்தான் பேசினார்.

"விசயம் என்னன்னா மாப்ள..."

இசக்கி யோசிக்கவில்லை. அது தானாக வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டது. நெஞ்சை நிமிர்த்தியது. குரல் கனத்தது.

"விசயம், ஹக், என்னன்னா மாப்ள, சாப்டாச்சா? சாப்டாச்சான்னு கேக்கேன். சாப்டாச்சுல்ல?"

மச்சான் திரும்பினார். வாய் திறந்திருந்தது. பிறகு சிரித்தார். வண்டி குலுங்கச் சிரித்தார். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"அப்படியேவா பேசுதேன் நான்? எங்கல படிச்ச இதை?"

"நானாத்தான் மச்சான்."

சிரிப்பு மெல்ல அடங்கியது. மச்சான் நெற்றியை எடுக்கவில்லை.

"பொய்" என்றார். "அந்த விக்கல். எட்டாங்கிளாஸ்ல இருந்தது எனக்கு. பயலுக கேலி பண்ணுவானுங்கன்னு வீட்டுல மட்டுந்தான் விடுவேன். பத்தாங்கிளாஸ் வாரதுக்குள்ள நின்னுட்டு. நீ அதைக் கேட்டிருக்கவே முடியாது. அப்பாம்மாவும் இப்ப இல்ல. அதைக் கேட்டவ ஒருத்திதான். இம்புட்டுக்காணும் இருப்பா, கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு பாத்துக்கிட்டே இருப்பா."

அவர் நிமிர்ந்தார். கண்ணாடியில் இருவர் கண்ணும் சந்தித்தன. இசக்கி வாயைத் திறந்தான்.

"சொல்லாண்டாம்" என்றார் மச்சான் அவசரமாக. "ஒண்ணும் சொல்லாண்டாம். நான் எதையும் கேக்கல."

புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, தனக்குத்தானே, மிக மெல்ல, "ஹக்" என்றார். நாக்கில் வைத்து ருசி பார்ப்பது போல.

சரக்கு ரயிலின் கூவல் கேட்டது. தூரத்து வெள்ளையிலிருந்து இஞ்சின் சிவப்பாக, மெதுவாகத் திரண்டு வந்தது. கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தண்டவாளம் ஒரு நீண்ட உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் போகிறது. இஞ்சின் அதன் பின்னால் போய் மறைந்தது. சத்தமும் குறைந்துவிட்டது.

"எங்க போச்சு சவத்து ரயிலு?" மச்சான் மறைந்த இடத்தைக் கண் சுருக்கிப் பார்த்தார். "நின்னுட்டா?"

"வரும் மச்சான்" என்றான் இசக்கி.

அவன் அம்பாரத்தின் அடுத்த முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.